கைக்கு உறுதி வர ஆறு மாசம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தவராசா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் சுகமாகத்தான் இருக்கிறாள். என் சுகத்தை இதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். உங்கள் காது எப்படி? மெஷினைப் போடுகிறீர்களா, இல்லை அது அலுமாரிக்குள்தானா? மகள் துஷாந்திக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை எப்படிப் போகிறது?

பொங்கலுக்கு எழுதினேன், பதில் இல்லை. பிறகும் ஒன்று எழுதினேன், அதற்கும் இல்லை. உங்களோடு போனில் கதைக்க ஏலாது என்றுதானே இந்த வயதிலும் நாங்கள் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அதையும் நிறுத்திவிட்டால் நான் யாரோடு கதைப்பது? கடிதங்கள் உங்களிடம் வந்து சேரவே இல்லையோ என்றும் எனக்கு ஒரு யோசனை. ஏனென்று சொல்கிறேன்.

மகன் மதுசன் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் மனைவி நிரோஜினியும் நானும் இவ்வளவு நாளும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே போகாமல் இருந்தோம். அவள் கந்தோர் வேலைக்குப் போவாள், வருவாள். நான் கதிரையில் இருந்து ரிவி பார்ப்பேன். இந்தத் தை மாதம் நடுவிலிருந்து எல்லாம் மாறிவிட்டது.

முதலில் ஸ்கூட்டர். பின் டயரில் காற்று இல்லை. ஆணி ஏறியிருக்கிறதா என்று விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தேன். இல்லை. வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைத்தான் காணவில்லை. அது தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை. "மாமா, டயர் ஒட்டுறவர் இந்தக் கிழமை வரமாட்டாராம். நடந்து போயிட்டு வாங்கோவன், கிட்டத்தானே" என்கிறாள். வால்வின் மூடியைத் திரும்பப் பூட்டினேன். துறைமுகக் கேற்றில் முப்பத்தொரு வருடம் நின்று லொறிகளுக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தவனுக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரியும்.

அடுத்தது ரிமோட். பழுதாம். பின்னால் திறந்து பார்த்தேன், பற்றரியே இல்லை. சனல் மாற்ற எழும்பிப் போய் அமத்த வேண்டியிருக்கிறது. குடிதண்ணீர்ப் பானை குசினியிலிருந்து பின்விறாந்தைக்குப் போய்விட்டது. அங்கேதான் குளிர்ச்சியாம். தேங்காய் திருவுவது இப்போது என் வேலை, அவளுக்குத் தோள்மூட்டு நோவாம். தோள்மூட்டு நோகிறவள் கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளியதை நான் யன்னலால் பார்த்தேன்.

சாப்பாட்டைக் கேட்காதீர்கள். பேக்கரிப் பாண் நிறுத்தம். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, நகம் அளவு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். காலையில் இலைக்கஞ்சி. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, சோற்றுக் கோப்பையில் பாதிக்கு வல்லாரையும் முருங்கையிலை வறையும். இரவில் குரக்கன் புட்டு. பொரித்த மீனைக் கண்டு மூன்று கிழமை ஆகிறது.

எதற்காக இதெல்லாம் என்று யோசித்தேன். இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. ஓர்ஸ் ஹில்லில் கடல் தெரிகிற காணியை இப்போது எத்தனை பேர் கேட்டு வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு மனிதனுக்கு அவன் வீட்டையே வெறுக்கவைத்து, "நான் வவுனியாவுக்கு அக்காட்டப் போறன், வீட்டை நீயே வச்சுக்கொள்" என்று அவன் வாயாலேயே சொல்லவைக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

உடன் பதில் போடுங்கள். உறையைப் பசை தடவி நன்றாக ஒட்டுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
தவராசா


வவுனியா.
27.02.2025

என் தம்பி தவராசாவுக்கு அக்கா தங்கேஸ்வரி,

உன் மூன்று கடிதமும் கிடைத்தன. ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை. நான் இருந்தபடி இருக்கிறேன். துஷாந்தி சுகம், வேலைதான் கூட. உன் பிரஷர் எப்படி என்று நீ எழுதவில்லை. எழுதமாட்டாய் என்றும் தெரியும்.

எழுத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்காதே. கண்ணில் புரை, கற்றராக் வெட்டியிருக்கிறது, குனிந்து எழுதக்கூடாதாம். நான் சொல்லச் சொல்லத் துஷாந்தி எழுதுகிறாள். பிழை இருந்தால் அது ரீச்சரம்மாவின் பிழை.

நிரோஜினி உன்னைப் பட்டினி போட்டாளா? மூன்று நேரமும் சமைத்துத்தானே தருகிறாள். கந்தோருக்கும் போய்க்கொண்டு வல்லாரை ஆய்ந்து, முருங்கையிலை உருவி, கஞ்சி காய்ச்சி ஒரு மனுசனுக்கு வைக்கிறது லேசான வேலை இல்லை. வெறுக்கவைக்க நினைக்கிறவள் கடையில் கொத்துரொட்டி வாங்கிப் போட்டுவிட்டுப் படுத்திருப்பாள். கொஞ்சம் யோசி.

எனக்கு ஒரு உதவி செய். சந்தியில் இருக்கும் பெட்டியில் கடிதம் போடாதே. உன் கடிதம் வந்து சேரப் பதினொரு நாள் எடுத்தது. பெரிய தபாற்கந்தோருக்கே கொண்டுபோய்ப் போடு. வெயில் தாழ்ந்த பிறகு போ. அப்படியே காளி கோயிலடிக்கும் போய், திருவிழாவுக்குக் கொடி எப்போது ஏறுகிறது என்று கேட்டு எழுது.

பதிலுக்கு நாள் செல்லும். துஷாந்திக்கு நேரம் கிடைத்தால்தான் எனக்கு எழுத்து. பிள்ளையோடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இராதே.

அக்கா


ஓர்ஸ் ஹில்.
10.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு கொஞ்சம் மனம் ஆறியது, கண் என்று வாசித்ததும் அந்த ஆறுதல் போய்விட்டது. எந்தக் கண்? எங்கே வெட்டினது? யார் கூட நின்றது? தேத்தண்ணிக்கடை நௌபரின் தாய்க்கும் கற்றராக்தான் வெட்டினார்கள். மூன்றாம் நாள் அந்த மனுசி அரிசியில் கல் பொறுக்கினா. உங்களுக்கு மட்டும் ஏன் குனியக்கூடாது?

சொன்னபடி பெரிய தபாற்கந்தோருக்குப் போனேன். உட்துறைமுக வீதியால் போய், காளி கோயிலடிக்கும் போய், கொடியேற்றத் திகதியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது எங்கள் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். எனக்கு இது தேவையா?

வழியில் நௌபரின் தேத்தண்ணிக்கடையில் ஏறினேன். அவனைப் பதினெட்டு வருடமாகத் தெரியும். வாய்க்கு ருசியாக ஒரு பால்தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸும் கேட்டேன். அவன் வெறும் தேத்தண்ணியும் அவித்த கடலையும் கொண்டுவந்து வைக்கிறான். "உங்கட மருமகள் சொல்லிட்டுப் போயிருக்கா அண்ணன். என்னால ஏலாது" என்கிறான். பாருங்கள், கடைவரைக்கும் போய்விட்டாள். இனி மீன்காரனிடமும் சொல்லியிருப்பாள்.

இன்னொன்று. காற்சட்டை இடுப்பில் நிற்கிறதில்லை. கொளுக்கியைத் தள்ளித் தைத்துவிட்டாளோ என்று நூலைப் பார்த்தேன், பழைய நூல்தான். அப்படியென்றால் கஞ்சிக்குள் ஏதோ இருக்கிறது. அயல்வீட்டுப் பூனைக்கு ஒரு சிரட்டையில் வைத்துப் பார்த்தேன். மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பூனைக்குத் தெரிகிறது.

கண்ணைப் பற்றி விபரமாக எழுதுங்கள். நீங்கள் ஒன்றை மறைக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இல்லையென்றால் கோபிக்காதீர்கள்.

தம்பி தவராசா


வவுனியா.
25.03.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நானும் குறையில்லை.

எந்தக் கண் என்று கேட்டாய். பார்க்கிற கண்தான்.

வயிறு குறைந்தால் காற்சட்டை கழலும், அதற்கு நூலைப் பார்க்கத் தேவையில்லை. பூனை எந்தக் காலத்தில் இலைக்கஞ்சி குடித்தது?

துஷாந்தியின் வகுப்புப் பிள்ளைகளுக்கு மான்களைப் பற்றி ஒரு பாடம். கோட்டைக்குள் திரியும் மான்களை ஒரு கிழமைக்குத் தினமும் விடியப் போய்ப் பார்த்து, எத்தனை, குட்டி எத்தனை, என்ன தின்னுகின்றன என்று எழுதி அனுப்பு. உன்னைப்போல் கவனமாகப் பார்க்க வேறு ஆள் இல்லை என்று அவள் சொல்கிறாள். வரும்போது கடற்கரையில் சூடை மீன் வாங்கிக்கொண்டு போ. பொரிக்கச் சொல்லாதே, புளிவிட்டு அவிக்கச் சொல்லு.

உன்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா


ஓர்ஸ் ஹில்.
08.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை உங்கள் சுகம் விசாரித்துவிட்டு என் சுகத்தைச் சொல்லும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், கண் சுகமா?

மான் விபரம் இதோடு இருக்கிறது. ஏழு நாள், ஏழு தாள். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் எண்ணிக்கை மாறுகிறது, மான் ஒரு இடத்தில் நிற்காது என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். விடியற்காற்று நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஏற்றத்தில் இப்போது ஒரு இடத்தில்தான் நிற்கிறேன், அதுவும் கடலைப் பார்ப்பதற்காக. ஏழாம் நாள் மீனோடு வழமையைவிடக் கெதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் என்னை எதிர்பார்க்கவில்லை.

குசினிக்குள் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றேன். சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். "கைக்கு உறுதி வர ஆறு மாசம் செல்லும் எண்டுதானே சொன்னவை. அதுவரைக்கும் மாமாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் எல்லாம் பாழ்."

கைக்கு உறுதி வருகிறது. எந்த உறுதி, அக்கா? இந்த வீட்டில் ஒரேயொரு உறுதிதான் இருக்கிறது. அது என் பெயரில் இருக்கிற வீட்டு உறுதி, காணிப் பத்திரம். ஆறு மாதத்தில் அது அவள் கைக்கு வரப்போகிறதாம். யாரோ அவளுக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.  மீன் பையோடு முன்வாசலால் சுற்றி வந்து, "பிள்ளை, மீன்" என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்ல சூடை மாமா" என்றாள்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. என் மனுசி பாக்கியம் செத்து மூன்று வருடம். மகன் தூரத்தில். இந்த வீடும் போனால் நான் எங்கே போய் இருப்பேன்?

உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து மெத்தைக்குக் கீழ் வைத்தேன். அவள் விரிப்பு மாற்றுவாள். சாமியறைப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். அவள் விளக்குக் கொளுத்துவாள். கடைசியில் பழைய சீனி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இப்போது யாரும் திறக்காத டின் அது ஒன்றுதான்.

வீட்டை வேறு பெயருக்கு எழுத நொத்தாரிசிடம் போகப்போகிறேன். உடன் எழுதுங்கள்.

தம்பி


வவுனியா.
30.04.2025

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத்தவிர எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

நீ கேட்ட சொல் சரி. விளங்கின விதம் பிழை. அதற்கு மேல் என்னால் இப்போது சொல்ல ஏலாது. உறுதியை எங்கே வேண்டுமென்றாலும் வை. நொத்தாரிசிடம் மட்டும் போகாதே. இரண்டு மாதம் பொறு, எனக்காக. அந்தப் பிள்ளையை ஒரு சொல் பேசாதே.

நடையை விடாதே. கஞ்சியையும் விடாதே.

அக்கா


ஓர்ஸ் ஹில்.
18.05.2025

அக்காவுக்கு,

வணக்கம். சுகம் விசாரிக்கிறேன், ஆனால் யாரிடம் விசாரிக்கிறேன் என்று தெரியாமல்தான் விசாரிக்கிறேன்.

உங்கள் கடிதங்கள் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் உங்கள் கையெழுத்து இல்லை. "தங்கேஸ்வரி" என்று எழுதி, கடைசி எழுத்துக்குக் கீழே வால் இழுத்துவிடுவீர்கள். கற்றராக் வெட்டினவருக்குக் கையெழுத்து வைக்கவும் கூடாதா? மூன்று மாதமாகவா?

இன்னும் ஒன்று கண்டுபிடித்தேன். நீங்கள் எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு ஒரு வேலை. பெரிய தபாற்கந்தோர். காளி கோயில். மான். சூடை. எல்லாம் என்னை வீட்டிலிருந்து வெளியே எடுக்கிற வேலை. நான் மான் பார்க்கப் போன நேரத்தில்தான் அவள் போனில் கதைத்தாள். அவள் சொல்வது ஆறு மாதம். நீங்கள் சொல்வது இரண்டு மாதம். தையிலிருந்து எண்ணிப் பார்த்தேன், இரண்டும் ஆடிக்குள் போய்த்தான் முடிகிறது.

ஆகவே கேட்கிறேன். இந்தக் கடிதங்களைச் சொல்லி எழுதுவிப்பது நீங்கள்தானா? இல்லை துஷாந்தியும் நிரோஜினியும் சேர்ந்து எழுதுகிறார்களா? என் கடிதங்கள் உங்கள் கையில் கிடைக்கிறதா? நீங்கள் இருக்கிறீர்களா, அக்கா? 

நொத்தாரிசிடம் போய்விட்டேன். வீட்டை உங்கள் பெயருக்கு நன்கொடையாக எழுதி வரைவு தந்திருக்கிறார். நீங்கள் கையெழுத்து வைத்தால் முடிந்தது. அதன் பிறகு நிரோஜினி ஆடிக்குள் தாய் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வரைவும் சீனி டின்னுக்குள் இருக்கிறது. உறுதியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பை இருக்கக் கண்டேன். நானே சுற்றினேனா என்று ஞாபகம் இல்லை. வயதும் போகிறது.

உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒரு சொல் போதும். ஜூன் பத்துக்குள் வராவிட்டால் நானே வருவேன்.

தவராசா


வவுனியா.
15.06.2025

பிள்ளை நிரோஜினிக்கு,

மாமா எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். நீ சுகமா? உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, அதனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை.

பதினோராம் திகதி உன்னிடம் ஒன்றும் சொல்லாமல், சீனி டின்னைத் திறந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் ஸ்ராண்டிலிருந்து அக்கா வீட்டுக்கு ஓட்டோ பிடிக்கவில்லை. போகிற வேகத்தில் அது நினைவிலேயே வரவில்லை. கேற்றடியில் நின்றபோதுதான் இவ்வளவு தூரம் எங்கேயும் நிற்காமல் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அக்கா முன்விறாந்தையில் கதிரையில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை அந்தக் கைக்குள் பந்தொன்றை வைத்து அமத்தப் பழக்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அக்காவுக்கு வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. நான் செருப்போடேயே படியில் இருந்துவிட்டேன்.

ஜனவரி பதினெட்டாம் திகதி பாரிசவாதம் என்று துஷாந்தி சொன்னாள். கற்றராக் இல்லை, ஒன்றும் இல்லை. "மாமா, ஏன் சொல்லேல்லை எண்டு என்னைப் பேசாதேங்கோ. பேச்சுக் கொஞ்சம் வந்ததும் அம்மாதான் சத்தியம் வாங்கினவ. மாமி செத்தபோது ஒரு வருசம் கட்டிலால எழும்பாத ஆள் நீங்கள். இதைக் கேட்டாலும் போய்ப் படுத்திடுவீங்கள், உங்கட பிரஷருக்குப் பிறகு எழும்பமாட்டீங்கள் எண்டு அம்மா பயந்தவ" என்றாள். அக்கா எனக்குக் கடிதங்களில் தந்த வேலை எல்லாம் அதற்குத்தானாம். நேரே "நட" என்றால் நான் கேட்கமாட்டேனாம். அது சரிதான்.

அந்தப் பெண்பிள்ளை போகும்போது துஷாந்தியிடம், "அம்மாவுக்குக் கைக்கு உறுதி வருது. இன்னும் ஒண்டு ரெண்டு மாசம் விடாமச் செய்யுங்கோ" என்றது.

பிள்ளை, நான் எழும்பி கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். நீ குசினிக்குள் நின்று துஷாந்தியோடு கதைத்தது எனக்குச் சொல்லுக்குச் சொல் கேட்டது. என் காதில் ஒரு பிழையும் இல்லை. என் மனம்தான் ஊத்தையாக இருந்தது.

நொத்தாரிசு எழுதினதை அக்காவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு இடது கையால் கிழிக்கப் பார்த்தார், ஒரு கையால் முடியவில்லை. மற்றப் பக்கத்தை நான் பிடித்துக்கொடுத்தேன். கிழித்துப் போட்டார்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று உனக்குத் தெரியாது. உன்னை வீட்டை விட்டு அனுப்ப எழுதினது. தெரியாமலே விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், மனம் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள். இந்தச் சொல்லை நான் பாக்கியத்திடம்கூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். சாப்பிட்டுக்கொள்.

மாமா


இறக்கக்கண்டி.
27.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகமாக வீடு வந்து சேர்ந்தது அயல் அன்ரி சொல்லித் தெரியும். கஞ்சிக்கு வேண்டிய இலைகள் குளிர்சாதனப் பெட்டியில் கழுவி வைத்திருக்கிறேன். குரக்கன் மா மேல்தட்டில். இங்கே அம்மாவும் நானும் சுகம்.

நீங்கள் வவுனியாவுக்கு வந்ததாகத் துஷாந்தி போனில் சொன்ன அன்றே நான் அம்மாவிடம் வந்துவிட்டேன். கந்தோருக்கு இங்கிருந்துதான் போய் வருகிறேன். போன கிழமை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது கதவடியில் உங்கள் கடிதம் கிடந்தது. நீங்கள் வருவதற்கு முதல்நாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும், மாமா. மெத்தைக்குக் கீழே, சாமிப் படத்துக்குப் பின்னால், சீனி டின்னுக்குள், நீங்கள் உறுதியை மாற்றி மாற்றி வைத்த இடம் எல்லாம் தெரியும். டின்னில் எறும்பு ஏறியிருந்தது, அதனால் பையில் சுற்றி வைத்தேன். மே மாதம் திரும்பவும் எறும்பு இருக்கிறதா என்று பார்த்தபோது வரைவும் இருந்தது. வாசித்தேன். அடுத்தவருடைய தாளை வாசித்தது பிழைதான். அதற்குப் பிறகும் ஒரு மாதம் கஞ்சி காய்ச்சினேன். நீங்கள் குடித்து முடிக்கும்வரை குசினிக்குள் நின்று அழுதிருக்கிறேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை வாங்கிக்கொள்வதற்கு முதல் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் சந்தேகப்பட்டதில் ஒன்று உண்மை. போன வருடம் கார்த்திகையில் நான் மதுசனிடம், "மாமாவை வவுனியாவில விட்டிட்டு, வீட்டை வித்துப்போட்டு நானும் உங்களிட்ட வாறன்" என்று கேட்டேன். அவர் கோபித்துப் பேசினார். எனக்கு அந்த வீட்டில் தனியாக இருந்து அலுத்துப் போயிருந்தது. நீங்கள் ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் கதைக்கமாட்டீர்கள். நீங்கள் ரிவி பார்க்கும் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்த காலம் அது.

வவுனியா மாமிக்கு வருத்தம் வந்தபோது, கந்தோர் விஷயம் என்று உங்களுக்குப் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். மாமிக்குச் சொல் வரவில்லை. என் கையைப் பிடித்து உங்கள் பெயரை, "தவம், தவம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்குப் பிறகு நான் விற்கிற கதையை எடுக்கவில்லை. ஸ்கூட்டர் ஊசியைக் கழற்றினது, பற்றரியை எடுத்தது, நௌபர் அண்ணையிடம் சொன்னது எல்லாம் முதலில் மாமிக்காகத்தான். உங்கள் மேல் பாசத்தில் செய்தேன் என்று பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிறகு ஒரு பின்னேரம் நீங்கள் ஏற்றத்தில் எங்கேயும் நிற்காமல் வந்ததை யன்னலால் பார்த்தேன். எனக்கு ஏன் அப்படிச் சந்தோஷம் வந்தது என்று தெரியாது. என் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் என்னை நல்லவள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது வேண்டாம். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மருமகள்,
நிரோஜினி


ஓர்ஸ் ஹில்.
02.07.2025

அன்புள்ள பிள்ளை நிரோவுக்கு,

மாமா. உடம்புக்குக் குறையில்லை. உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ ஒரு பிழையும் செய்யவில்லை என்று எழுதியிருந்தால், நான் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டிருப்பேன், கேட்டுவிட்டு அடுத்த நாளே திரும்பவும் யோசிக்கத் தொடங்கியிருப்பேன். என் குணம் அப்படி. நல்லதை மட்டும் சொல்கிறவர்களை நம்ப எனக்குத் தெரியாது. வீட்டை விற்கக் கேட்டதாக எழுதினாய் பார், அந்த வரியில்தான் நான் உன்னை நம்பினேன். அதற்கு மேலே எழுதினதையும் கீழே எழுதினதையும் அதன் பிறகுதான் நம்பினேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அதே கார்த்திகையில் நான் மதுசனிடம், "உன்ர மனுசியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடட்டோ, எனக்குத் தனிய இருக்க ஏலும்" என்று கேட்டேன். அவன் என்னையும் பேசினான். ஒரே மாதத்தில் இரண்டு பேரும் இரண்டு பக்கத்தால் இழுத்திருக்கிறோம். பாவம் அவன், ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சு விடவில்லை.

கஞ்சி நானே காய்ச்சினேன். அடிப்பிடித்துவிட்டது. குடித்தேன். விடிய நடக்கிறேன், இப்போது யாரும் எனக்கு வேலை தருவதில்லை, சும்மாதான் நடக்கிறேன். வந்து பார்த்தால் மனுசர் ஒருவரும் இல்லை. ரிவியைப் போட்டேன், நிறுத்திவிட்டேன்.

நான் தனியே இருக்க ஏலும் என்று மகனிடம் சொன்னது பொய். வா பிள்ளை. வீட்டில் கதைக்க ஆளில்லை.

உன் மாமா,
தவராசா